கூடையும் பையும்

விழா மலருக்குப் பயணக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டனர். நம் பழைய மாணவருள் மேனாடுகளிலே பெரும் பதவி வகிப்போர் உளர். கடல் பல கடந்தோர் உளர். மலைநாட்டுத் தோட்டப் பாடசாலை ஒன்றிலே தமிழ் கற்பிக்கும் நான் ஒரே ஒரு முறைதான் கடல் கடந்தேன். அதுவும் 18 நாட்களுக்கு. ஆயினும் அப்பயணத்திலே நான் கற்றதைவிட, கற்கத் தவறியது ஒன்றை நம் கல்லூரி மாணவர்க்குச் சொல்லவேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக உண்டு. ஆதலின் இசைந்தேன்.

ஹற்றன் புகையிரத நிலையத்து மேடையிலே மார்கழி தொடங்கி வைகாசி வரையில் ஒரு காட்சியைக் காணலாம். சிவனொளிபாதமலைக்குச் செல்லும் அடியார் கூட்டத்தினிடையே வெள்ளையரான இளந் தம்பதியர் இருவர் இருவராக இறங்குவர். ஆளுக்கொரு பெரும் பை முதுகில் ஏறியிருக்கும். அவர்களை வரவேற்க எவரும் வருவதில்லை. அவர்களும் எவரையும் எதிர்பார்ப்பதில்லை. தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து பனிஸ் தின்பர், நல்லதண்ணி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பர், போய்விடுவர். பல்லாண்டுகளாக நான் கண்டும் காணாது சென்ற இக்காட்சி என் மனைவியின் மனத்திலே தங்கிவிட்டது. அவரும் எங்கள் பாடசாலையிலே கணிதம் கற்பிப்பவர்.

“அவங்களும் புருசன் பெண்டாட்டிதானே? நாம ஏன் ஒரு தரம் அப்படிப் போகக்கூடாது?” என்றார் ஒருநாள்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த மாதமே ஒரு சீட்டிற் சேர்ந்தார். மூன்றாண்டுகள் கழிந்து சீட்டு விழுந்தபோது, சிங்கப்பூரிலே தொடங்கி மலேசியா வழியாகத் தாய்லாந்து வரையில் தரைவழியே செல்வதற்கான செலவுக் கணக்கு ஒரு கொப்பியிலே ஆயத்தமாக இருந்தது.

கடவுச்சீட்டு எடுக்கச் சென்ற நாளை மறக்கவியலாது. என் பாட்டனார் இத்தீவிலே பிறந்தவர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவரை எந்நாட்டவரும் அல்லாதவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி என் பெரியப்பா குடும்பத்தார் இந்தியா சென்று நீலகிரியிற் குடியேறினர். தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட அவ்வண்டிகளை எம்மவர் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்க 2003 ஆம் ஆண்டிலே 35 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதுகாறும் எங்கள் வீட்டிலே கடவுச்சீட்டு என்றால், ஒருவரை மீளாதபடி பிரித்தனுப்பும் தாள் என்றே பொருள். திரும்பி வருவதற்காகக் கடவுச்சீட்டு எடுத்தவர் எங்கள் குடும்பத்திலே நாங்கள் இருவரே முதல்வர்.

எல்லாம் முடிந்தது; அம்மாவிடம் சொல்வதொன்றே எஞ்சியது.

அம்மா 31 ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். தலையிற் கயிற்றை மாட்டி முதுகிலே கூடையைத் தொங்கவிட்டு, மழையிலும் அட்டைக் கடியிலும் மலை ஏறி இறங்கியவர். எங்கள் தோட்டத்திலே ஒருநாட் பேர் விழவேண்டுமாயின் 18 கிலோ எடுக்கவேண்டும். குறைந்தால் அரைப் பேர். மடுவத்திலே நிறுக்கும்போது கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் சில கிலோ கழிப்பர். கழித்தது போக எஞ்சியதுதான் கணக்கு. நான் நம் கல்லூரி விடுதியிற் சேர வந்த நாளிலே என் தகரப் பெட்டியைத் தம் தலையிலே சுமந்து வந்தவரும் அவரே. வாயிலிலே நின்ற மாணவர் பார்க்கின்றனரே என்று கூசி, பெட்டியைத் தரும்படி கேட்டேன். கொடுக்க மறுத்துவிட்டார். அன்று நான் கூசியதை எண்ணி இன்றும் கூசுகின்றேன்.

2018 ஆம் ஆண்டு மார்கழி விடுமுறை தொடங்கியது. பயண நாளின் அதிகாலையிலே இருவரும் பைகளை முதுகில் மாட்டி நின்றோம். மலிவு விமானத்திலே கையோடு கொண்டுசெல்லத்தக்கது ஆளுக்கு 7 கிலோ. அம்மா எங்களைப் பார்த்த பார்வையிலே வியப்பில்லை, நோவு இருந்தது.

“நான் முதுகுல சொமந்தது நீ சொமக்கக் கூடாதுன்னுதானய்யா. படிச்ச வாத்தியாரு, கையில பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போகக்கூடாதா?”

என் மனைவி முந்திக்கொண்டு, “கனமே இல்ல அத்தை. வேணும்னா எறக்கி வச்சிரலாம்” என்றார்.

“வேணுங்கிறப்ப எறக்கி வைக்கிறதுக்குப் பேரு சொமையா?” என்றார் அம்மா.

அதற்கு எங்களிடம் விடையில்லை. காலில் விழுந்து திருநீறு பெற்றுப் புறப்பட்டோம்.

சிங்கப்பூரைப் பற்றி விரித்தெழுதப் பலர் உளர். 1827 ஆம் ஆண்டிலே தோன்றிய மாரியம்மன் கோயிலிலே வழிபட்டோம். ஆட்சிமொழி நான்கனுள் ஒன்றாகத் தமிழ் அங்கு அறிவிப்புப் பலகைகளிலே நிற்பதைக் கண்டு ஒரு தமிழாசிரியன் அடையத்தக்க மகிழ்ச்சி முழுவதையும் அடைந்தேன். இராத் தங்கியது ஒருவர்மேல் ஒருவர் படுக்கும் தட்டுக் கட்டிலில். துணிகளை இரவிலே துவைத்து, காலையிலே ஈரம் உலராமலே அணிந்துகொண்டோம்.

கோலாலம்பூரிலே முதற் சண்டை வந்தது. பஸ் நிலையத்திலிருந்து விடுதிக்கு வழி எனக்குத் தெரியும் என்றேன். தெரியவில்லை. மழையிலே இரண்டு மணி நேரம் அலைந்தபின், “யார் வரச் சொன்னது?” என்று சீறினேன். என் மனைவி மறுமொழி சொல்லாது ஒரு கடைப் படியில் அமர்ந்தார்; என் பையைத் திறந்தார்; உள்ளே தமிழ் அகராதி ஒன்றும் வேறு மூன்று நூல்களும் இருந்தன. “இதுதான் வழியை மறைச்சிச்சு” என்று சொல்லி இரண்டைத் தம் பைக்கு மாற்றிக்கொண்டார். சுமை பகிரப்பட்டதும் சினமும் குறைந்தது. மறுநாள் பத்துமலையிலே 272 படிகளையும் ஏறினோம். மாலையிலே மலாயாப் பல்கலைக்கழகத்தை வெளியே நின்றேனும் பார்க்கவேண்டும் என்று பிடிவாதம் செய்தேன். நம் நாட்டுத் தனிநாயகம் அடிகளார் அங்கே பேராசிரியராய் இருந்த காலத்திலேதான், 1966 ஆம் ஆண்டிலே, முதல் உலகத் தமிழாராய்ச்சி மகாநாடு அந்நகரிற் கூடியது.

அங்கிருந்து கமரன் மலைக்கு ஏறினோம். வில்லியம் கமரன் என்னும் நில அளவையாளர் 1885 ஆம் ஆண்டிலே இம்மலையைக் கண்டெழுதினார். அவர் பெயரே இதற்கு நிலைத்தது. தேயிலைத் தோட்டம் 1929 ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்டது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரம். ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்டது எனலாம். பஸ் ஒரு வளைவிலே திரும்பியதும் பச்சை விரிந்தது. என் மனைவி என் கையைப் பற்றினார். நாங்கள் இருவரும் பார்க்க வந்த புதுமை அன்று அது, வீடு. வேரோடு மண்ணின் மணமும், தேயிலைத் தொழிற்சாலையிலே இலை வாடும் மணமும் எங்களுக்குத் தொட்டிலிலிருந்தே தெரிந்தவை.

அங்கு மக்கள் அடுக்கடுக்காக வந்து, பலகணி வைத்த தேநீர்ச் சாலையிலே அமர்ந்து, தோட்டத்தைப் பார்த்தபடி தேநீர் பருகுகின்றனர். நாங்களும் அமர்ந்தோம். தேயிலைத் தோட்டத்தை இருந்தபடி பார்ப்பது எங்கள் இருவர்க்கும் அதுவே முதன்முறை. ஓர் இனம்புரியாத நாணம் என்னைப் பிடித்தது. பாதிக் கோப்பையிலே எழுந்து மலைக்குள் நடந்தோம்.

சிறு கோயிலொன்றின் அருகே முதிய தமிழ்ப் பெண்மணி ஒருவர் பூக்கட்டிக்கொண்டிருந்தார். இலங்கையிலிருந்து வருகின்றோம் என்றோம், அவர் தலையசைத்தார். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் என்றோம். அவர் முகம் மலர்ந்தது. “எந்த டிவிசன்?” என்று கேட்டார், எங்கள் தோட்டம் அடுத்த மலையிலே இருப்பதுபோல. நாம் கணக்கப்பிள்ளை என்போரை அவர் கிராணி என்றார், மற்றையவெல்லாம் ஒன்றே. இளமையிலே தாமும் கொழுந்து எடுத்ததாகவும், பிள்ளைகள் பட்டணம் சென்றுவிட்டதாகவும், இப்போது மலையிலே நிற்போர் பெரும்பாலும் அயல்நாட்டார் என்றும் சொன்னார்.

அவர் காட்டிய சரிவிலே இளைஞர் சிலர் நின்றனர். கையாற் பறித்தல் அங்கு அரிது. இலையை ஏந்தும் பெட்டி பொருத்திய கத்தரியாலும், இருவர் இருபுறம் பிடித்துச் செல்லும் இயந்திரத்தாலும் வெட்டுகின்றனர். வெட்டிய இலையைப் பெரிய மூட்டையாக்கி முதுகிற் சுமந்து பாதைக்கு இறக்குகின்றனர். ஓர் இளைஞன் வங்காள தேசத்தவன். அவன் பெயரைக் கேட்டேன், ஊரைக் கேட்டேன், தாய்க்குப் பணம் அனுப்புவதாகச் சைகையாற் சொன்னான். ஏறத்தாழ அரைமணி நேரம் அவனருகே நின்றேன். படம் ஒன்றும் எடுத்துக்கொண்டேன். நல்ல காரியம் செய்ததாக எண்ணினேன். இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன்.

பினாங்குத் தீவுக்குப் பாலத்தின் வழியே பஸ்ஸிலே சென்றோம். இடப்பக்கத்திலே சிறு தீவு ஒன்று காடு போர்த்துக் கிடந்தது. அது ஜெரஜாக் தீவு. கப்பலில் வந்த கூலிகளை நோய்த்தடைக்காக இறக்கி வைத்த இடம். எம் முன்னோர்க்கு மண்டபம் முகாம் எப்படியோ, மலாயா சென்றோர்க்கு அத்தீவு அப்படி. ஒரே ஊர்ப் பஞ்சத்திலே ஒரே தெருவிலிருந்து புறப்பட்டோருள் இராமேசுவரப் பக்கம் திரும்பியவர் தேயிலைக்கு வந்தனர். நாகபட்டினத்துக் கப்பலேறியவர் றப்பருக்குச் சென்றனர். மலாயாவிலே ஒப்பந்தக் கூலிமுறை 1910 ஆம் ஆண்டிலே ஒழிந்தது; கங்காணி வழி ஆட்சேர்ப்பு 1938 ஆம் ஆண்டு வரை நீடித்தது. கங்காணியின் நாவு எந்தத் திசையைக் காட்டியதோ அதுவே ஒருவரின் நாடாயிற்று.

ஜோர்ஜ் டவுன் என்னும் அந்நகரம் 2008 ஆம் ஆண்டிலே உலக மரபுரிமை நகராயிற்று. இராணித் தெருவிலே 1833 ஆம் ஆண்டைச் சேர்ந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கின்றது. அந்நகரத்தார் போற்றி உண்ணும் ‘நாசி கண்டார்’ என்னும் சோற்றின் பெயரை ஆராய்ந்தேன். நாசி என்பது சோறு. கண்டார் என்பது தோளிற் சுமக்கும் காவுதடி. தமிழ் முசுலிம் வணிகர் காவுதடியின் ஒருபுறம் சோறும் மறுபுறம் கறியுமாகத் துறைமுகத் தொழிலாளர்க்குச் சுமந்து விற்றதனால் எழுந்த பெயர். “இங்கயும் சொமைதான்” என்றார் என் மனைவி. அம்மாவின் கேள்வி எங்கள் இருவர் நெஞ்சிலும் உடன் வந்துகொண்டிருந்தது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

பினாங்குக்கு எதிர்க்கரையிலே வண்டியேறி வடக்கே சென்றோம். இடப்பக்கம் வயலுக்கு அப்பால் ஜெராய் மலை எழுந்தது. அதுவே பழைய கடாரம். இராசேந்திர சோழனின் படை 1025 ஆம் ஆண்டளவிலே அப்பகுதியைத் தாக்கிய வரலாற்றை நம் கல்லூரியிலே தமிழாசிரியர் ஐயா படமெழுதிக் கற்பித்தார். நானும் பதினைந்தாண்டுகளுக்கு மேலாக அவ்வாறே கற்பித்து வந்தேன். வாளோடு சென்றவரைப் பற்றிய பாடம் என் நாவிலே தயங்காது வரும். மூட்டையோடு சென்றவரைப் பற்றி என் வகுப்பிலே ஒருநாளும் ஒரு வாக்கியம் சொன்னேனில்லை. சொன்னவர் எவரேனும் உளரோ என்று என் பள்ளி நாட்களை நினைத்துப் பார்த்தேன். நினைவில் எவரும் இல்லை.

இரவு வண்டியிலே பாங்கொக் அடைந்து, அங்கிருந்து காஞ்சனபுரிக்குச் சென்றோம். யப்பானியர் 1942, 1943 ஆம் ஆண்டுகளிலே சீயத்தையும் பருமாவையும் இணைக்க இட்ட 415 கிலோமீற்றர் இரும்புப் பாதை அவ்வழியே செல்கின்றது. ஆற்றுப் பாலத்தின்மேல் உலகத்து இளைஞரெல்லாம் முதுகுப்பைகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தனர். அருகிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். 6,982 பேர் அங்கே துயில்கின்றனர். புல் கத்தரித்தாற்போல் இருந்தது. ஒவ்வொரு கல்லாகப் பெயரையும் வயதையும் படித்துச் சென்ற என் மனைவி, சிறிது நேரத்தின் பின் திரும்பி, “நம்ம ஆளுக எங்கங்க?” என்று கேட்டார்.

அப்பாதையிலே இறந்த போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளரோ 90,000 பேர் வரையில் மாண்டிருக்கலாம் என மதிப்பிடுகின்றனர். அவருட் பெருந்தொகையினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர். அத்தோட்டத்திலே அவர்க்கு இடமில்லை. கைதிகளுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது. கூலிகளுக்கு மதிப்பீடே உண்டு. என் மனைவி கணித ஆசிரியை. “மதிப்பீடுன்னா, எண்ணலைன்னு அர்த்தம்” என்றார். மாலைவரையில் இருவரும் அதிகம் பேசவில்லை. 2023 ஆம் ஆண்டிலே அந்நகரில் அத்தமிழர்க்கு ஒரு நடுகல் நாட்டப்பட்டது என்று பின்னர் அறிந்து ஆறுதல் கொண்டோம்.

பாங்கொக்கிலே சீலோம் வீதி மாரியம்மனை வணங்கி, நத்தார் கழிந்த மறுநாள் ஊர் திரும்பினோம்.

அம்மா வாயிற்படியிலே காத்திருந்தார். முதல் வேலையாக என் பையைத் தம் கையால் தூக்கிப் பார்த்து, “ஏழு கிலோ இருக்கும்” என்றார். நிறுவைத் தட்டு அவர் கையிலேயே இருந்தது. கோயில்களைப் பற்றிச் சொன்னேன், கும்பிட்டார். கமரன் மலைப் படங்களைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“அங்கயும் கொழுந்து எடுக்கிறாங்களா?”

“எடுக்கிறாங்கம்மா. கத்தரியால வெட்டுறாங்க. வங்காள தேசத்துப் பையன் ஒருத்தன்கிட்டப் பேசினேன்.”

படத்தை நெடுநேரம் பார்த்தார். பின்பு கேட்டார்: “மடுவத்துல எத்தன கிலோ கழிக்கிறாங்களாம்?”

எனக்கு விடை தெரியாது. அரைமணி நேரம் அவனருகே நின்றேன், பெயர் கேட்டேன், ஊர் கேட்டேன். அவன் வாழ்வைத் தீர்மானிக்கும் அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கூடையின் நிழலிலே வளர்ந்த எனக்கே தோன்றவில்லை. ஐந்து நகரமும் இரண்டு தீவும் பார்த்து வந்த மகனுக்கு, தோட்டத்து எல்லையைத் தாண்டாத தாய் ஒரு கேள்வியிலே அவன் காணாததைக் காட்டிவிட்டார். அவர் என்னைக் குறைகூறவில்லை. “சரி விடு, அடுத்த தரம் கேளு” என்று சொல்லி, தேநீர் வைக்க எழுந்து போனார்.

தவணை தொடங்கிய முதல் வாரத்திலே ஒன்பதாந் தர மாணவர்க்கு ஒரு கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன்: உங்கள் வீட்டு மூத்தவர் ஒருவர் சென்ற மிக நெடிய பயணத்தைக் கேட்டறிந்து எழுதுக. ஒருவன் பாட்டியார் கண்டி வைத்தியசாலைக்குச் சென்றதை எழுதினான். ஒருவன் பாட்டனாரின் உடன்பிறந்தார் ஒப்பாரிக் கோச்சியில் ஏறியதை எழுதினான். ஒரு மாணவி இரண்டே வரி எழுதியிருந்தாள்: அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறார், வந்தபிறகு கேட்டு எழுதுகிறேன் என்று. அதற்கு எப்படிப் புள்ளியிடுவது என்று அறியாமல் கொப்பியைப் பல நாள் மேசையிலே வைத்திருந்தேன். அன்றிலிருந்து கடாரத்தைக் கற்பிக்கும் நாளிலேயே ஜெரஜாக் தீவையும் மண்டபத்தையும் காஞ்சனபுரியையும் சேர்த்தே கற்பிக்கின்றேன்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அத்தகைய பயணம் எம்மனைய ஆசிரியர்க்கு எட்டாக் கனியாயிற்று. ஆயினும் பைகள் இரண்டும் சுவரிலே தொங்கவில்லை. கண்டி ஹந்தானையிலே தொடங்கி நுவரெலியாவிலே முடியும் ‘பீக்கோ’ நடைபாதை, 300 கிலோமீற்றருக்கு மேலாக, 22 பகுதிகளாய், பழைய தோட்டப் பாதைகள் வழியே அமைக்கப்பட்டிருக்கின்றது. விடுமுறை தோறும் நாங்கள் இருவரும் அதிலே ஒரு பகுதியை நடக்கின்றோம். மலையிலே நிற்கும் பெண்கள் பைகளைக் கண்டதும் எங்களை உல்லாசப் பயணிகள் என எண்ணி ஒதுங்கி வழிவிடுவர். நான் நின்று, அம்மா கற்பித்த கேள்வியைக் கேட்பேன். உடனே சிரிப்பு எழும். “சார் தோட்டத்து ஆளா?” என்பர். பின்பு கூடையை வரம்பிலே சாய்த்துவைத்து, எத்தனை கிலோ கழிக்கின்றனர், எத்தனை நாள் பேர் விழுந்தது, பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்றெல்லாம் சொல்வர்.

அன்பார்ந்த மாணவர்களே, உங்கட்கு வாய்ப்பு வருங்கால் தயங்காது புறப்படுங்கள். தம்பதியராய்ச் செல்ல நேரின் இன்னும் நன்று. வழி தவறும்போது சுமையைப் பகிர ஒருவர் இருப்பார். ஆயின் பையைக் கட்டும் முன்னர் உங்கள் வீட்டிலே உழைத்து முதிர்ந்தவரிடம் சென்று, ‘அங்குள்ளவரிடம் நான் என்ன கேட்டு வரவேண்டும்?’ என்று கேளுங்கள். என் தாயார் என் தகரப் பெட்டியைச் சுமந்து வந்து இறக்கிவைத்த இக்கல்லூரி வாயிலிலிருந்து புறப்படும் ஒவ்வொருவரும் அவ்வாறு கேட்டுச் செல்க என வாழ்த்தி அமைகின்றேன்.